மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஊதியம்: நாடுகளை ஒப்பிடும் முறை

மேல்நிலைப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஊதியம் என்று எதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு வேறுபடுகிறது. லக்சம்பர்க்கில் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் ஆண்டு ஊதியம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பில் அதே அனுபவத்துக்கான சராசரி 2022-இல் சுமார் 53,000 டாலர். தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு 36,900 ரூபாய் என்று அறிவிக்கை சொல்கிறது. முதல் இரண்டும் ஆண்டுத் தொகை. வரி பிடிப்பதற்கு முந்தையவை. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட்டவை. மூன்றாவது மாதத் தொகை, அதிலும் அகவிலைப்படி சேராத அடிப்படை ஊதியம். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதி, எது பெரிது எது சிறிது என்று பார்ப்பதில் பொருளில்லை.

ஒப்பீடு சரியாக அமைய ஐந்து கேள்விகளுக்கு விடை வேண்டும். யாருடைய ஊதியம், ஊதிய ஏணி எவ்வளவு நீளம், எத்தனை மணி நேர வேலைக்கு, பிடித்தம் போக என்ன மிஞ்சும், அந்தப் பணம் எந்த ஊரில் செலவாகப் போகிறது என்பவையே அவை. இவற்றில் ஏணியும் வேலை நேரமும்தான் பெரும்பாலான ஒப்பீடுகளில் விடுபட்டுப் போகின்றன. முடிவைத் தலைகீழாக மாற்றுபவையும் அவையே.

யாருடைய ஊதியம்

இந்தியாவில் மேல்நிலை என்றால் 11, 12-ஆம் வகுப்புகள். ஜெர்மனியின் கிம்னாசியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பள்ளி இறுதி வரை ஒரே ஆசிரியர் குழு பாடம் நடத்துகிறது. அமெரிக்க ஹைஸ்கூல் 9 முதல் 12 வரை. பிரான்சில் லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள். கொரியாவிலும் அமெரிக்காவிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் மேல்நிலை ஆசிரியருக்கும் பொதுவாக ஒரே ஊதிய அட்டவணை. ஜெர்மனியில் நெடுங்காலம் கிம்னாசியம் ஆசிரியர் ஏ13 என்ற ஊதிய நிலையிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு படி கீழே ஏ12 நிலையிலும் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்கள் இருவரையும் ஏ13-இல் வைக்கத் தொடங்கியுள்ளன. ஆகவே முதலில் எந்த வகுப்பு, என்ன தகுதி என்பதைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பள்ளி யாருடையது என்பது. ஓ.இ.சி.டி. ஆண்டுதோறும் வெளியிடும் 'எஜுகேஷன் அட் எ க்ளான்ஸ்' அறிக்கையின் ஊதிய அட்டவணைகள் அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியவை. பெரும்பாலான பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கும் பின்லாந்துக்கு அது போதும். தனியார் பள்ளிகள் நிறைந்த இந்தியாவுக்குப் போதாது. அரசுப் பள்ளிக்குள்ளேயே கூட ஒரே ஊதியம் கிடையாது. தமிழ்நாட்டில் காலிப் பணியிடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அமர்த்தப்படும் தற்காலிக முதுநிலை ஆசிரியருக்குத் தொகுப்பூதியமாக மாதம் 18,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. அதே வகுப்பறை, அதே பொதுத்தேர்வு, அதே பாடப்புத்தகம். ஊதியம் மட்டும் நிரந்தர ஆசிரியரின் அடிப்படை ஊதியத்தில் பாதிகூட இல்லை. இந்தியாவில் ஆசிரியர் சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர் நிரந்தரப் பணியாளரை மட்டுமே பார்க்கிறார். அந்தப் பார்வையோடு வெளிநாட்டு எண்ணை ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் நிலைமை கணக்குக்குள் வராமலே போய்விடும்.

எண்களிலும் இரண்டு வகை உண்டு. சட்டப்படி அட்டவணையில் உள்ள தொகை ஒன்று. ஆசிரியர்கள் உண்மையில் பெறும் தொகையின் சராசரி மற்றொன்று. சராசரியில் கூடுதல் பொறுப்புக்கான படி, கூடுதல் பாடவேளைக்கான பணம் எல்லாம் சேரும். ஆசிரியர்களின் வயதும் சேரும். போர்ச்சுகலில் ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் ஐம்பது வயதை எட்டியவர்கள், ஏணியின் மேல்படிகளில் இருப்பவர்கள். அதனால் சராசரி உயரமாகத் தெரிகிறது. இன்று அங்கே சேரும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை.

அமெரிக்காவில் சராசரி இன்னும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. அங்கே ஊதியத்தை நிர்ணயிப்பது நாடும் இல்லை, பெரும்பாலும் மாநிலமும் இல்லை. பள்ளி மாவட்டங்கள் எனப்படும் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் நிர்வாக அமைப்புகளே அதை நிர்ணயிக்கின்றன. 2023-24-இல் நாட்டின் சராசரி சுமார் 72,000 டாலர் என்று ஆசிரியர் சங்கமான என்.இ.ஏ. கணித்தது. கலிஃபோர்னியாவின் சராசரி ஒரு லட்சத்தைத் தாண்டியது. மிசிசிப்பியில் சுமார் 54,000. அமெரிக்க ஆசிரியர் சம்பளம் என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரிடம் எந்த மாவட்டம் என்று கேட்பதே முதல் வேலை.

ஏணியின் நீளம்

ஊதிய ஒப்பீட்டில் மிக அதிகம் ஏமாற்றுவது தொடக்கச் சம்பளம். விளம்பரத்தில் வருவது அதுதான். பணிவாழ்வு முழுவதும் கையில் கிடைப்பது வேறு.

இரண்டு எல்லைகளை எடுத்துப் பார்க்கலாம். தென்கொரியாவில் ஹோபோங் எனப்படும் 40 படிகள் உள்ளன. பட்டம் பெற்றுச் சேருபவர் எட்டு அல்லது ஒன்பதாம் படியில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு படி ஏறுகிறார். உச்சிக்குப் போக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் கொரிய ஆசிரியரின் ஊதியம் ஓ.இ.சி.டி. சராசரிக்குக் கீழே இருக்கிறது. பதினைந்தாம் ஆண்டில் சராசரியைத் தாண்டுகிறது. உச்சியில் வெகுதூரம் முன்னே போய்விடுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலைமை நேர்மாறு. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி புதிய ஆசிரியரின் ஆண்டு ஊதியம் 75,791 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 85,000-ஆக உயர்ந்தது. வகுப்பறை ஆசிரியரின் உச்சம் 1,22,100. தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஒன்றரை மடங்குகூட இல்லை. அந்த உச்சத்தை எட்டவும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தும் இந்த வகையே. பயிற்சி ஆண்டை முடித்தவருக்கு ஐந்தே படிகள்தான்.

எது நல்லது என்பது எவ்வளவு காலம் இருக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவருக்குக் கொரியாவின் நாற்பதாம் படி கானல்நீர். குட்டை ஏணியும் உயர்ந்த முதல் படியும் கொண்ட நாடே அவருக்குப் பொருந்தும். பணிவாழ்வு முழுவதையும் அங்கே கழிக்கப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டின் ஊதியத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு மொத்தத் தொகையை எழுதிப் பார்த்தால், முதல் படியில் பின்தங்கிய நாடு முந்திக்கொள்வது சில சமயம் வியப்பளிக்கும்.

ஏணியில் ஏறும் வழியும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க மாவட்டங்களின் அட்டவணையில் கீழ்நோக்கிய வரிசைகள் ஆண்டு அனுபவத்தைக் காட்டும். பக்கவாட்டுப் பத்திகள் கல்வித் தகுதியைக் காட்டும். முதுகலைப் பட்டமோ கூடுதல் கிரெடிட்டுகளோ பெற்றவர் அடுத்த பத்திக்கு நகர்கிறார். இந்த முறைக்கு முன்னோடிகள் 1921-இல் இதைக் கொண்டுவந்த டென்வர், டெமாயின் நகரங்கள். அதற்கு முன் பெண் ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் குறைத்துக் கொடுப்பது சாதாரணமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே அட்டவணை என்ற ஏற்பாடு அந்த அநீதிக்கு எதிராகப் போராடிப் பெற்றது என்பதை, அட்டவணைகளை ஒழித்துவிடலாம் என்று வாதிடுபவர்கள் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஏறும் வழி வேறு: ஆண்டு ஊதிய உயர்வு மூன்று சதவீதம். பத்து ஆண்டில் தேர்வுநிலை, இருபது ஆண்டில் சிறப்புநிலை.

ஏணி அசையாமல் நின்றுபோவதும் உண்டு. நிதி நெருக்கடிக் காலங்களில் போர்ச்சுகல் அரசு ஆசிரியர்களின் பணிமூப்பைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவைத்தது. அப்படிக் கணக்கில் வராமல் போன காலம் 9 ஆண்டு, 4 மாதம், 2 நாள். அந்த எண்ணைப் பதாகைகளில் எழுதிக்கொண்டு அந்நாட்டு ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2019-இல் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. எஞ்சியதைப் படிப்படியாகத் தர 2024-இல் உடன்பாடு ஏற்பட்டது. கிரீஸில் பதின்மூன்றாம், பதினான்காம் மாதச் சம்பளங்கள் முதலில் வெட்டப்பட்டு, பிறகு முற்றாக நீக்கப்பட்டன. இந்தியாவிலும் கொரோனா காலத்தில் ஒன்றிய அரசின் அகவிலைப்படி உயர்வு 2020 ஜனவரி முதல் ஒன்றரை ஆண்டு நிறுத்தப்பட்டது. அட்டவணையைப் படிக்கும்போது கடந்த பதினைந்து ஆண்டில் அது எத்தனை முறை உறைந்தது என்பதையும் விசாரிப்பது நல்லது.

எத்தனை மணி நேரத்துக்கு

பிரான்சில் ஒரே ஆசிரியர் அறையில் இரண்டு வகை ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அக்ரெகாசியோன் என்ற கடினமான போட்டித் தேர்வில் தேறியவர் வாரத்துக்கு 15 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். சாதாரணத் தேர்வில் வந்தவருக்கு 18 மணி. முதலாமவருக்கு ஊதியமும் அதிகம். கூடுதல் பாடவேளை எடுத்தால் அதற்குத் தனிப் பணம். பிரெஞ்சு ஆசிரியர் ஊதியம் என்று ஒரே எண்ணைக் கொடுக்கும் அட்டவணை இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் பள்ளித் தலைமை ஓர் ஆசிரியரிடம் 195 நாட்களில் 1,265 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று விதி உள்ளது. விடைத்தாள் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் பெரும்பாலும் அதற்கு வெளியே. 1,265-ஆல் வகுத்து மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் தொகை அழகாகத் தெரியும். வேலையில் இருப்பவர்களுக்கு அது பொய் என்று தெரியும்.

வேலை நேரத்தின் விலையை ஜப்பானைப் போலத் தெளிவாகக் காட்டும் நாடு வேறில்லை. 1971-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று வைத்தது. அதற்குப் பதிலாக அடிப்படை ஊதியத்தில் நான்கு சதவீதம் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்த நான்கு சதவீதம் 1966-இல் எடுத்த கணக்கெடுப்பில் இருந்து வந்தது. அப்போது ஆசிரியரின் மிகைநேர வேலை மாதத்துக்குச் சுமார் எட்டு மணி நேரம். பிறகு விளையாட்டுக் குழுப் பயிற்சி, மாலை நேர மன்றங்கள், பெற்றோர் சந்திப்பு, காகித வேலை என்று பாரம் கூடிக்கொண்டே போனது. சதவீதம் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் நகரவில்லை. ஓ.இ.சி.டி. 2018-இல் ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில் ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். கலந்துகொண்ட நாடுகளின் சராசரி 38 மணிதான். ஒரே ஆண்டு ஊதியம் பெறும் இருவரில் ஒருவர் 56 மணியும் மற்றவர் 38 மணியும் உழைத்தால், முதலாமவரின் ஒரு மணி நேரத்துக்கு மற்றவருடையதில் மூன்றில் இரண்டு பங்குதான் கூலி. 2025 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டு, நான்கு சதவீதம் 2031-க்குள் படிப்படியாகப் பத்து சதவீதம் ஆகும் என்று முடிவானது. உழைத்த மணிகளுக்கு ஈடாக அது எந்த வகையிலும் போதாது. ஜப்பானில் வேலை தேடுபவர் ஆண்டு ஊதியத்தோடு, பள்ளியில் மாலை ஏழு மணிக்கு எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிடித்தம் போக மிஞ்சுவது

ஒரு சம்பளச் சீட்டை வரி வரியாகப் பார்ப்பது பல அட்டவணைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும். இங்கிலாந்தில் 2024-25 கல்வியாண்டில் புதிய ஆசிரியரின் முதல் படியான எம்1 ஊதியம் லண்டனின் உட்பகுதியில் 38,766 பவுண்ட். லண்டனும் அதன் சுற்றுப்பகுதிகளும் தவிர்த்த மற்ற இடங்களில் 31,650 பவுண்ட். லண்டன் ஆசிரியரிடம் ஓய்வூதியத்துக்கு 8.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 3,334 பவுண்ட் பிடிப்பார்கள். ஓய்வூதியப் பிடித்தத்தையும் வரியில்லாத முதல் 12,570 பவுண்டையும் கழித்த மீதியில் 20 சதவீதம் வருமான வரி, சுமார் 4,572 பவுண்ட். தேசியக் காப்பீடு, 12,570 பவுண்டுக்கு மேற்பட்ட ஊதியத்தில் 8 சதவீதம், சுமார் 2,096 பவுண்ட். கையில் வருவது ஆண்டுக்கு ஏறக்குறைய 28,764, மாதத்துக்கு 2,397 பவுண்ட். இதே கணக்கை மற்ற ஊர்களுக்குப் போட்டால், ஓய்வூதியப் பிடித்தம் 7.4 சதவீதமாகக் குறைந்து, மாதத்துக்கு 2,036 பவுண்ட் வரும். அட்டவணையில் ஆண்டுக்கு 7,116 பவுண்டாகத் தெரிந்த வித்தியாசம் கைக்கு வரும்போது மாதத்துக்கு 361 பவுண்டாகச் சுருங்குகிறது. லண்டன் வீட்டு வாடகைக்கும் வட இங்கிலாந்து வாடகைக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரிது. புதிதாக வருபவருக்கு லண்டன் படி லாபமாகத் தோன்றினாலும் பெரும்பாலோருக்கு அது நட்டமே.

விசாவில் வருபவருக்கு இன்னொரு செலவு உண்டு. மருத்துவக் கூடுதல் கட்டணமாகப் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றாண்டு விசாவுக்கு 3,105 பவுண்ட். கணவன், மனைவி, குழந்தைகளுக்குத் தனித்தனியே.

பிடித்தமாகப் போவதெல்லாம் இழப்பு இல்லை. இங்கிலாந்து ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பள்ளி தன் பங்காக ஊதியத்தில் 28 சதவீதத்துக்கு மேல் கட்டுகிறது. அது சம்பளச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஊதியம். சிங்கப்பூரில் சி.பி.எஃப். சேமிப்புக்கு ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஊழியரிடம் 20 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி 17 சதவீதம் சேர்க்கிறார். ஆனால் இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டவருக்குப் பிடித்தமும் இல்லை, அந்த 17 சதவீதமும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ், இலினாய் உள்ளிட்ட மாநிலங்களின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சோஷியல் செக்யூரிட்டி என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே, மாநில ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த ஒரு வரியே சம்பளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடலாம். வகுப்பறைக்கு வேண்டிய பொருள்களை ஆசிரியர் தம் கைப்பணத்தில் வாங்குவது அங்கே அவ்வளவு பரவலானது. அதற்காகவே கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிவு தருகிறார்கள்.

ஜெர்மனியில் இரண்டு ஆசிரியர்கள் அருகருகே ஒரே பாடத்தை நடத்தி, ஏறக்குறைய ஒரே மொத்த ஊதியம் பெற்று, வேறுவேறு தொகையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் அரசு அலுவலர் தகுதி பெற்றவர். அவரிடம் ஓய்வூதியத்துக்கோ வேலையின்மைக் காப்பீட்டுக்கோ எதுவும் பிடிப்பதில்லை. நாற்பது ஆண்டு பணிக்குப் பின் கடைசி ஊதியத்தில் 71.75 சதவீதம் வரை ஓய்வூதியம் கிடைக்கும். மருத்துவச் செலவில் பாதியை அரசே ஏற்கும். மீதிக்குத் தனியார் காப்பீடு. மற்றவர் ஒப்பந்த ஊழியர். அவரிடம் ஓய்வூதியம், வேலையின்மை, மருத்துவம், முதுமைப் பராமரிப்பு என்று வரிசையாகப் பிடிப்பார்கள். மாதத்துக்குச் சில நூறு யூரோ வித்தியாசம். அலுவலர் தகுதிக்கு வயது வரம்பு உண்டு. ஜெர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை பொதுவாகத் தேவை. அந்தத் தகுதி பெற்றவருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் கிடையாது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2018-இல் இதை உறுதிசெய்தது. இந்தியாவிலிருந்து போகும் ஆசிரியர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராகவே சேர முடியும் என்பதால், ஏ13 அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது, ஊழியர்களுக்கான டி.வி.-எல். அட்டவணையைப் பார்க்க வேண்டும். அங்கே மேல்நிலை ஆசிரியருக்கு இரண்டு பாடங்களில் தகுதி கேட்கிறார்கள். இயற்பியல் மட்டும் படித்தவர் இன்னொரு பாடத்தையும் முடித்தால்தான் முழு அங்கீகாரம் கிடைக்கும்.

வளைகுடா நாடுகளில் வருமான வரி இல்லை, வெளிநாட்டு ஆசிரியருக்கு ஓய்வூதியமும் இல்லை. அதற்கு ஈடாகப் பணி முடிவில் ஒரு தொகை தருகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளம். இங்கே அடிப்படை என்ற சொல்தான் முக்கியம். மாதம் 8,000 திர்ஹாம் என்று இரண்டு பள்ளிகள் அழைப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றில் அடிப்படை 5,000, படிகள் 3,000. மற்றதில் அடிப்படை 3,000, படிகள் 5,000 என்று இருக்கலாம். ஐந்து ஆண்டு முடிவில் முதல் பள்ளி 17,500 திர்ஹாம் தரும், இரண்டாவது 10,500. வேலை உத்தரவில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டவர் 7,000 திர்ஹாமை இழக்கிறார். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் இடையே ஊதியத்தில் பெரிய இடைவெளி உண்டு. ஒரே நகரம் என்பதற்காக ஒரே ஊதியத்தை எதிர்பார்க்க முடியாது.

பணம் செலவாகும் இடம்

நாணயத்தை மாற்றி ஒப்பிட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வங்கியின் மாற்று விகிதம். மற்றொன்று வாங்கும் சக்திச் சமநிலை, அதாவது ஒரே பொருள்களை வாங்க இரண்டு நாடுகளிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கு. ஓ.இ.சி.டி. பின்பற்றுவது இரண்டாவது.

தமிழ்நாட்டு முதுநிலை ஆசிரியரின் முதல் மாத ஊதியத்தை இரண்டிலும் போட்டுப் பார்க்கலாம். அடிப்படை 36,900, 2025 தொடக்கத்தில் அகவிலைப்படி 55 சதவீதம். கூட்டினால் 57,195 ரூபாய், ஆண்டுக்கு 6,86,340. டாலருக்கு 85 ரூபாய் என்ற வங்கி விகிதத்தில் இது ஏறக்குறைய 8,000 டாலர். வாங்கும் சக்திக் கணக்கில் ஒரு டாலர் சுமார் 20 ரூபாய்க்குச் சமம்; அப்போது 34,000 டாலருக்கு மேல் வருகிறது. ஒரே சம்பளம் ஒரு கணக்கில் பரம ஏழையினுடையது போலவும் இன்னொன்றில் ஐரோப்பாவின் சில நாடுகளில் புதிதாகச் சேரும் ஆசிரியரின் சம்பளத்துக்கு இணையாகவும் தோற்றமளிக்கிறது.

எந்தக் கணக்கு சரி என்பது பணம் எங்கே செலவாகிறது என்பதைப் பொறுத்தது. திருச்சியில் வாடகை, அரிசி, காய்கறி, பேருந்து, முடி திருத்தம் ஆகியவற்றுக்குச் செலவாகும் பணத்துக்கு இரண்டாவது கணக்கே பொருத்தம். மடிக்கணினி, விமானச் சீட்டு, பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு ஆகியவற்றுக்கு வங்கி விகிதம்தான் பேசும். வெளிநாட்டில் சம்பாதித்து ஊருக்கு அனுப்புபவரின் ஊதியத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அங்கேயே செலவாகும் பகுதியை அந்த ஊர் விலைவாசியில் மதிப்பிட வேண்டும். அனுப்பும் பகுதியை மட்டும் வங்கி விகிதத்தில் ரூபாயாக்க வேண்டும். முழுச் சம்பளத்தையும் ரூபாயாகப் பெருக்கி மகிழ்வது மிகப் பரவலான தவறு.

வங்கி விகிதம் திடீரென்று சரிவதும் உண்டு. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் டாலருக்குச் சுமார் 200-இல் இருந்து, இரண்டே மாதங்களில் 350-ஐத் தாண்டியது. யாழ்ப்பாணத்து ஆசிரியரின் சம்பளச் சீட்டில் எண் மாறவில்லை. டாலரில் அது பாதியளவுக்கு வீழ்ந்தது. எரிபொருள், மருந்து, பால்மா விலைகள் வேகமாக ஏறின. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இலங்கை எண்களை ஒரே அட்டவணையில் வைத்துப் பேசுபவர் எந்த மாதத்து விகிதம் என்று குறிப்பிட்டாக வேண்டும்.

சொந்த நாட்டில் ஆசிரியரின் இடம்

நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு நாட்டிலும் அதே அளவு படித்த மற்றவர்களோடு ஆசிரியரை ஒப்பிடுவது சில கேள்விகளுக்குச் சரியான விடை தரும். நல்ல மாணவர்கள் ஏன் ஆசிரியப் பணிக்கு வருவதில்லை என்பது அத்தகைய கேள்வி. அமெரிக்க டாலர் எண்ணில் பெரியதாகத் தெரிந்தாலும், அங்கே ஆசிரியரின் வார ஊதியம் ஒத்த படிப்பும் அனுபவமும் உள்ள பிற பட்டதாரிகளைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 1990-களின் நடுவில் இந்த இடைவெளி ஒற்றை இலக்கத்தில் இருந்தது. ஓய்வூதியம், காப்பீடு போன்ற சலுகைகளைச் சேர்த்தால் இடைவெளி சுருங்குகிறது, மறைவதில்லை. ஜெர்மனியில் மேல்நிலை ஆசிரியர் மற்ற பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய சமமாக நிற்கிறார். ஹங்கேரியில் வெகுவாகப் பின்தங்கியிருந்ததால் 2022-இல் ஆசிரியர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். மாணவர்களும் அவர்களோடு நின்றார்கள்.

வேலை உத்தரவைப் படிக்கும் முறை

வெளிநாட்டுப் பள்ளியின் அழைப்பு கைக்கு வந்தபின் முதலில் பார்க்க வேண்டியது தொகை அல்ல, ஊதிய ஏணியின் படி. ஊரில் பத்தாண்டு பணியாற்றியவரை எந்தப் படியில் வைக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்தில் முன் அனுபவத்தை எவ்வளவு ஏற்பது என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது; அரசு நிதியில் தன்னாட்சியாக இயங்கும் அகாடமி வகைப் பள்ளிகள் நடப்பு விதிகளின்படி தேசிய அட்டவணைக்குக் கட்டுப்படவேண்டியதும் இல்லை. பல அமெரிக்க மாவட்டங்கள் வெளி அனுபவத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் அனுபவப் படிநிலையை மாநில அலுவலகம் சான்றிதழ்களைப் பார்த்து நிர்ணயிக்கிறது. அதனால் ஊரிலிருந்து புறப்படும் முன்பே பணியாற்றிய ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்திய பாடம், வகுப்பு, வாரப் பாடவேளை ஆகியவை குறிக்கப்பட்ட அனுபவச் சான்று வாங்கி வைக்க வேண்டும். தனியார் பள்ளிகள் சில இதைத் தர இழுத்தடிக்கும். விலகல் கடிதத்தோடு சேர்த்தே கேட்டுவிடுவது எளிது.

பிறகு ஊதியம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பத்து மாத வேலைக்கானவை. அந்தத் தொகையைப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் மாவட்டமும் உண்டு, கோடையில் எதுவும் தராத மாவட்டமும் உண்டு. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் ஏஜென்சி மூலம் அமெரிக்காவுக்குப் போகிறவர் அதன் கட்டணத்தையும் முதல் ஆண்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். லக்சம்பர்க்கின் ஒரு லட்சம் டாலருக்கு ஆசைப்படுபவர், அந்நாட்டு அரசுப் பள்ளிப் பணிக்கு லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகள் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக அட்டவணையின் தேதி. இங்கிலாந்தின் ஊதியம் செப்டம்பரில் திருத்தப்படுகிறது, இந்தியாவின் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடப்பட்டு சில மாதம் கழித்து அறிவிக்கப்படுகிறது, ஓ.இ.சி.டி. அறிக்கையில் வரும் எண் பொதுவாக ஓராண்டாவது பழையது. வேறுவேறு ஆண்டுகளின் எண்களைக் கலந்து பயன்படுத்த நேர்ந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டைக் குறித்து வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.